தெருக்கூத்துக் கள ஆய்வும் மடிக்கணினித் தேர்வும்: விவரக்குறிப்புப் பட்டியல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மடிக்கணினி வாங்க முற்படும் ஆய்வாளர் முதலில் படிப்பது விற்பனையாளர் தரும் விவரக்குறிப்புப் பட்டியலையே. செயலி, நினைவகம், எடை என அப்பட்டியல் முன்னிறுத்தும் அளவைகள் கள ஆய்வின் தேவைகளை எந்த அளவிற்குப் புலப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் இரவு முழுதும் நிகழும் தெருக்கூத்தை ஆவணப்படுத்தும் பணி இங்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. பொறி எளிதில் சுமக்கத்தக்கதாக இருப்பதைவிட, அது பழுதுற்றபோது அதிலுள்ள தரவைப் பிரித்தெடுக்க இயல்வதே ஆய்வாளருக்கு முதன்மையான தேவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மடிக்கணினி, கள ஆய்வு, தெருக்கூத்து, தரவுப் பாதுகாப்பு, பழுதுநீக்கம், ஆய்வுக்கருவி

முன்னுரை

தமிழியல் துறையொன்றில் முனைவர் பட்ட ஆய்வில் சேரும் ஒருவர், முதல் பருவத்திலேயே உடன் ஆய்வாளரிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று 'எந்த மடிக்கணினி வாங்கலாம்?' என்பது. அதற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் மூன்று எண்களாகவே அமைகிறது. செயலி ஐ5, நினைவகம் 16 ஜிபி, எடை ஒன்றரைக் கிலோவிற்குள். ஆய்வுத்தலைப்பு யாது, தரவு எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் ஊரைவிட்டு வெளியே தங்க வேண்டியிருக்கும் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. வினாநிரல் அமைப்பதற்கும் நேர்காணல் நடத்துவதற்கும் நெறிமுறை வகுத்துக்கொண்ட நாம், ஐந்தாண்டுக் காலம் தரவு முழுவதையும் தாங்கி நிற்கும் கருவியைத் தேர்வதை விற்பனைக்கூடத்துக் காட்சிப் பலகைக்கு விட்டுவிடுகிறோம்.

விவரக்குறிப்புப் பட்டியலும் ஒரு பனுவலே. அது எவற்றை முதலில் சொல்கிறது, எவற்றைச் சொல்லாமல் விடுகிறது, எந்தச் சொல்லின் பின்னே ஒதுங்கிக்கொள்கிறது என்று படித்துப் பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி. எந்த நிறுவனத்தின் பொறியையும் பரிந்துரைப்பது நோக்கமன்று. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் தெருக்கூத்து நிகழ்வுகளையும் கூத்து வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகளையும் ஆவணப்படுத்தும் பணியில் இக்கட்டுரையாளர் பெற்ற பட்டறிவே சான்று. சுவடிப்புலத்திலும் கல்வெட்டிலும் பணிபுரிவோருக்குச் சில கூறுகள் மாறும். அவை உரிய இடத்தில் சுட்டப்படும்.

எடை என்னும் அளவை

'எடுத்துச் செல்லத்தக்கது' என்ற அடைமொழி கணினிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1981இல் அவ்வடைமொழியுடன் விற்பனைக்கு வந்த ஆஸ்பர்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ எடை கொண்டது. 5 அங்குலத் திரை இருந்தது, மின்கலம் இல்லை. தூக்கிச் செல்லலாம், ஆனால் சென்ற இடத்தில் மின்செருகி இருந்தாக வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1983இல், டிஆர்எஸ்-80 மாடல் 100 வந்தது. எடை ஏறத்தாழ 1.4 கிலோ. நான்கு சிறிய டபுள்-ஏ மின்கலங்களில் இருபது மணிநேரம் வரை இயங்கியது. திரையில் 8 வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவே. செய்தியாளர்கள் அதை விரும்பிச் சுமந்தனர். அம்மின்கலம் எந்தச் சிற்றூரின் பெட்டிக்கடையிலும் கிடைத்தது என்பதே காரணம். எடுத்துச் செல்லத்தக்கது என்பதற்கு இரு பொருள் உண்டு என்பதை இவ்விரு பொறிகளும் தொடக்கத்திலேயே காட்டிவிட்டன. ஒன்று உடலால் சுமக்க இயல்வது. மற்றொன்று சென்ற இடத்தில் பிறர் தயவின்றி இயங்குவது. இன்றைய பட்டியல் முதற்பொருளை மட்டுமே வைத்துக்கொண்டது.

அந்த முதற்பொருளிலும் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. பட்டியலில் 1.3 கிலோ என்றிருப்பது பொறியின் எடை. கள ஆய்வாளர் தோளில் தொங்குவது பை. மின்னேற்றி, புறவட்டுகள் இரண்டு, ஒலிப்பதிவுக் கருவி, ஒலிவாங்கி, நிழற்படக் கருவி, முக்காலி, நீட்டிப்பு வடம், தண்ணீர்க் குப்பி எல்லாம் சேர்ந்தால் ஏழெட்டுக் கிலோவிற்குக் குறைவதில்லை. இந்நிலையில் பொறியின் எடையில் முந்நூறு கிராம் குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. அந்த முந்நூறு கிராமும் பெரும்பாலும் மின்கலத்தைச் சிறிதாக்கியோ, நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்தோ குறைக்கப்பட்டதாகவே இருக்கும். கள ஆய்வாளருக்கு மிகத் தேவையான இரண்டையும் விலையாகக் கொடுத்து மெலிவைப் பெறுகிறோம்.

ஓர் இரவின் நீளம்

திரௌபதியம்மன் கோயில் விழாவில் பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். இரவில் கூத்து. கூத்து பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நிகழும். நிறைவு நாளன்று படுகளம் முடிந்து தீமிதி. இடைப்பட்ட பத்து இரவுகளில் ஆய்வாளர் கூத்துக்களத்தின் ஓரத்தில், பெரும்பாலும் தரையில், பாய் விரித்து அமர்ந்திருப்பார். மடிக்கணினி சொல்லுக்கேற்ப மடியில்தான் இருக்கும். மின்சாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஒலிபெருக்கிக்காரரின் பலகையில். குழல்விளக்குகளும் ஒலிபெருக்கியும் ஒரே இணைப்பில் ஓடிக்கொண்டிருக்கும் அப்பலகையில் வெளியாளின் செருகியைச் செருக அனுமதி கேட்பதே ஒரு கூச்சம். அனுமதி கிடைத்தாலும், நடுவில் மின்சாரம் நின்று மின்னாக்கிக்கு மாறும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். எனவே மாலையில் நிரப்பிய மின்கலம் விடியும்வரை தாங்க வேண்டும் என்பதே பாதுகாப்பான கணக்கு.

'18 மணிநேரம் வரை' என்று பட்டியல் சொல்லும். அத்தொடரின் சுமை முழுவதும் 'வரை' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த அளவு பெரும்பாலும் திரையொளியைக் குறைத்து, பொறியில் ஏற்கெனவே பதிந்துள்ள காணொளியைத் தொடர்ந்து ஓட்டிப் பெற்றதாகும். ஆய்வாளர் பார்க்க வேண்டியது மணிநேரத்தை அன்று, வாட்-மணியை. குறிப்பெடுத்தல், இடையிடையே நினைவக அட்டையிலிருந்து கோப்புகளைப் படியெடுத்தல் ஆகிய பணிகளுக்கு ஒரு சிக்கனமான பொறி சராசரியாக 8 வாட் செலவிடும் எனக் கொள்வோம். ஏழு மணிநேரக் கூத்திற்கு 56 வாட்-மணி வேண்டும். மின்கலமோ தேய்வது, சில நூறு முறை ஏற்றி இறக்கிய பின் அதன் கொள்ளளவு எண்பது விழுக்காட்டிற்கு வந்துவிடும். மூன்றாம் ஆண்டுக் களப்பணியிலும் அதே இரவைக் கடக்க வேண்டுமெனில், வாங்கும்போதே 70 வாட்-மணி இருந்தாக வேண்டும் (56 ÷ 0.8). மெல்லிய பொறிகள் பலவற்றில் இருப்பது 50 அல்லது அதற்குக் கீழ். பட்டியலின் இறுதிப் பகுதியில், சிறு எழுத்தில், இந்த எண் இருக்கும். சில பட்டியல்களில் அதுவும் இராது.

துணைக்கு மின்வங்கி வைத்துக்கொள்ளலாம். 20,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்வங்கி 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. மாற்றத்தில் ஒரு பகுதி வீணாகும். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை கைபேசிக்கானவை. அவை தரும் இருபது வாட் அளவு பெரும்பாலான மடிக்கணினிகளுக்குப் போதாது. யுஎஸ்பி-சி வழியே 45 அல்லது 65 வாட் தரவல்லதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பொறியும் யுஎஸ்பி-சி வழியே மின்னேற்றம் ஏற்பதாக இருப்பது நலம். தனி ஊசிமுனை மின்னேற்றி தொலைந்தால் வட்டத் தலைநகரில் அதற்கு மாற்று கிடைப்பது அரிது. கருத்தரங்கிற்கு வானூர்தியில் செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்ட மின்வங்கியைக் கைப்பையில் கொண்டு செல்லலாம். சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைக்க இயலாது.

வெப்பத்தைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசுவதில்லை. பொறியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 பாகை செல்சியஸ்' என்பது போன்ற ஒரு வரி இருக்கும். பாரத விழாக்கள் பெருகும் சித்திரை, வைகாசியில் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் பகல் வெப்பம் 40 பாகையைத் தொடுவது வழக்கம். பிரசங்கப் பந்தலில் பிற்பகல் மூன்று மணிக்குத் திறக்கப்படும் பொறி, தன்னைச் செய்தோர் குறித்த எல்லைக்கு வெளியே வேலை செய்கிறது. அப்போது விசிறி முழுவேகத்தில் சுழலும். விசிறியற்ற பொறியாயின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டாவதே விரும்பத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. குறிப்பெடுப்பதற்கு வேகம் வேண்டாம். விசிறியின் இரைச்சலோ அருகிலுள்ள ஒலிவாங்கியில் பதிந்துவிடும். முகவீணைக்கு அடியில் ஒரு சீரான இரைச்சல் ஓடும் பதிவைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுதாகத் தூய்மை செய்ய இயலாது.

திரையும் எழுத்தும்

2011ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே முதற்கணினியைப் பெற்ற தலைமுறையே இன்று முனைவர் பட்ட ஆய்வில் இருப்பது. இக்கட்டுரையாளர் பெற்ற பொறியின் திரை 14 அங்குலம், 1366 × 768 படப்புள்ளி. ஓர் அங்குலத்திற்கு 112 படப்புள்ளி என்று கணக்கிடலாம். உரோமன் எழுத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதவில்லை என்பது சுவடி, நோட்டு, பழம்பதிப்பு ஆகியவற்றின் படங்களை நாள்முழுதும் படிக்கும்போதே தெரியவரும். கல்–கல, மண்–மண என்ற வேறுபாடு முழுவதும் ஒரு புள்ளியில் நிற்கிறது. கூத்து வாத்தியார்களின் நோட்டுகளில் புள்ளி இடப்படுவது ஒழுங்கற்றது. பெரிய எழுத்துப் பதிப்புகளின் மலிவுத்தாளில் மை பரவிப் புள்ளி மேலெழுத்தோடு ஒட்டியிருக்கும். சுவடியிலோ புள்ளி பெரும்பாலும் இல்லை. இருப்பது பூச்சி அரித்த துளையா என்று பார்க்க வேண்டும். இத்தகைய ஐயங்களைத் தீர்க்க வேண்டிய திரை அவற்றைப் பெருக்கக்கூடாது. 14 அங்குலத்தில் 1920 × 1200 கொண்ட திரை அங்குலத்திற்கு ஏறத்தாழ 162 படப்புள்ளி தரும். இதற்குக் கீழ் இறங்க வேண்டாம் என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. செயலியின் தலைமுறையில் ஒரு படி இறங்கி அத்தொகையைத் திரையில் இடுவது தமிழ்ப் பனுவல் ஆய்வாளருக்கு ஆதாயம்.

வண்ணமும் அவ்வாறே. விலை குறைந்த பொறிகளின் விவரத்தில் '45 விழுக்காடு என்டிஎஸ்சி' என்ற குறிப்பைக் காணலாம். வண்ணங்களில் பாதியளவையே அத்திரை காட்டும் என்பது அதன் பொருள். சிவப்பு வெளிறி ஆரஞ்சாகும். நோட்டில் சிவப்பு மையில் எழுதிய விருத்தத் தலைப்பிற்கும், பழுப்பேறிய நீல மைக்கும், எண்ணெய்க் கறைக்கும் உள்ள வேறுபாடு அதில் மங்கிவிடும். அரிதாரப் பூச்சின் நிறத்தை விவரிக்கும் ஆய்வாளர் அத்திரையை நம்பி எழுதினால் வேடத்தின் அடையாளமே பிழைபடலாம்.

திரையின் வடிவத்தில் ஒரு சுவையான முரண் உண்டு. அச்சு நூலின் பக்கத்தைப் படிக்க உயரமான 16:10 அல்லது 3:2 விகிதத் திரை ஏற்றது என்பது இன்று பரவலான அறிவுரை. நோட்டுப் பக்கத்திற்கும் அது பொருந்தும். ஓலைச்சுவடிக்குப் பொருந்தாது. 40 சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஏட்டிற்கு வேண்டியது அகலம். 14 அங்குல 16:10 திரையின் அகலம் 30 சென்டிமீட்டர். ஏட்டை முழுநீளத்தில் வைத்தால் அது முக்கால் அளவில்தான் தெரியும். மேற்பாதியில் ஏடு, கீழ்ப்பாதியில் படியெழுதும் சாளரம் என்று பிரித்துப் பணி செய்யும் சுவடியியலாளர், பழையது என்று ஒதுக்கப்படும் 16:9 அகலத் திரையில் ஒன்றும் இழப்பதில்லை. மைப்படி படிக்கும் கல்வெட்டு ஆய்வாளருக்கு விகிதத்தைவிடக் கறுப்பு–வெள்ளை வேறுபாட்டின் ஆழமே பெரிது.

கூத்துக்களத்து இருட்டில் ஒளிரும் விசைப்பலகை தேவை என்பர். விசைகளில் பொறித்திருப்பது ஆங்கில எழுத்து. தமிழ்99 முறையில் தட்டுவோருக்கு அந்த ஒளி எதையும் காட்டாது. விரல் பழகியவருக்கு அது வேண்டியதில்லை. பழகாதவருக்கு அதனால் பயனில்லை.

மென்பொருள்

இப்பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். ஒலியியலுக்கான பிராட், காணொளியோடு படியெழுத்தைப் பிணைக்கும் ஈலான், நூலடைவுக்கான ஸோடெரோ ஆகியவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அகராதியும் உருபன் பகுப்பும் செய்வோர் பயன்படுத்தும் ஃபீல்டுவொர்க்ஸ் மேக்கில் நேரடியாக இயங்காது. நம்மில் பலர் தட்டெழுதப் பயன்படுத்தும் என்எச்எம் ரைட்டர் விண்டோசுக்கு மட்டும் உரியது. எனினும் தமிழ்99 இன்று மேக்கிலும் விண்டோசிலும் உள்ளமைந்தே வருவதால் அது தடையன்று. பாமினி, தாப், தாம், திஸ்கி எனப் பழைய குறியேற்றங்களில் கிடக்கும் ஆய்வேடுகளை நெறியாளரிடமிருந்து பெறுவோர், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாமல் முடித்துவிட வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. நல்ல நிலையிலுள்ள பல பழைய பொறிகள் இதனால் இணையத்தில் பாதுகாப்பற்றவையாயின. அவற்றில் லினக்ஸ் நிறுவினால் தட்டெழுத்திற்கும் படியெழுத்திற்கும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் இருந்ததை நினைவுகூரலாம். அதைத் திறந்து பார்த்தவர் நம்முள் எத்தனைபேர் என்பது வேறு வினா.

பழுதும் தரவும்

இரண்டாம் ஆண்டுக் களப்பணிக்கென இக்கட்டுரையாளர் வாங்கிய பொறி, பட்டியலின்படி மிகச் சிறந்தது. 1.1 கிலோ, அவ்வாண்டின் செயலி, பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். ஒரு விழாவின் ஒன்பது இரவுகளைப் பதிவு செய்த பின், பத்தாம் நாள் காலையில் அது திறக்கவில்லை. தாய்ப்பலகை பழுது என்றனர். உத்தரவாதக் காலத்திற்குள் இருந்ததால் பலகையைக் கட்டணமின்றி மாற்றித்தர அதன் சேவை மையம் முன்வந்தது. தரவுக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற படிவத்தில் கையொப்பம் கேட்டது. சேமிப்பகம் அப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பலகை போனால் அதுவும் போகும். நினைவக அட்டைகள் மூன்றே இருந்தமையால், பொறியில் படியெடுத்தவுடன் அவற்றை அழித்து மீண்டும் பயன்படுத்தியிருந்தோம். கடைசி மூன்று இரவுகள் மட்டும் அட்டைகளில் எஞ்சின. புதிய பலகையுடன் பொறி பத்து நாளில் நன்கு இயங்கும் நிலையில் திரும்பி வந்தது.

இழந்த ஆறு இரவுகளுள் ஒன்றில் துரியோதன வேடம் கட்டியவர் அக்குழுவின் மூத்த வாத்தியார். கட்டியங்காரனோடு அவர் நிகழ்த்திய தர்க்கம் எந்த நோட்டிலும் இல்லாதது. அன்றைய ஊருக்கும் அன்றைய கூட்டத்திற்குமாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு அவர் வேடம் கட்டவில்லை. அவருடைய மாணவர் அதே பகுதியை நிகழ்த்தினார். அது வேறொரு கூத்து. ஆய்வேட்டின் நான்காம் இயலில் அத்தர்க்கம் குறித்து வருவது, மறுநாள் நினைவிலிருந்து எழுதிய ஒன்றரைப் பக்கக் குறிப்பு மட்டுமே.

பிழை முழுவதையும் பொறியின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. இரண்டாவது படி வைத்துக்கொள்ளாதது இக்கட்டுரையாளரின் பிழை. ஆயினும் அப்பிழைக்கு இழப்பின் அளவை நிர்ணயித்தது பொறியின் அமைப்பு. சேமிப்பகம் தனி அட்டையாகச் செருகப்பட்டிருந்தால், திருகாணிகள் சிலவற்றைக் கழற்றி, அதை எடுத்து, சிறிய உறையொன்றில் இட்டு வேறு கணினியில் திறந்திருக்கலாம். இவ்வேறுபாட்டைச் சொல்லும் ஒரு சொல்கூட அப்பொறியின் விற்பனைப் பட்டியலில் இல்லை. '512 ஜிபி எஸ்எஸ்டி' என்று மட்டுமே இருந்தது. பற்றவைத்ததும் செருகியதும் பட்டியலின் மொழியில் ஒன்றே.

கழற்றத்தக்க சேமிப்பகமும் தன்னளவில் காப்பு அன்று. அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அதன் மீட்புச் சாவி பயனரின் இணையக் கணக்கில் இருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர், நலமாக உள்ள சேமிப்பகத்தைக் கையில் வைத்துக்கொண்டும் அதைத் திறக்க இயலாது. 48 இலக்கமுள்ள அச்சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைப்பது, பொறியை வாங்கிய நாளிலேயே செய்யத்தக்கது.

இனி அளவைக் காண்போம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதட ஒலிப்பதிவு மணிக்கு 1.04 ஜிபி ஆகும். ஏழு மணிநேர இரவிற்கு 7.3, பத்து இரவிற்கு 73 ஜிபி. காணொளி, நொடிக்கு 50 மெகாபிட் வீதம், மணிக்கு 22.5 ஜிபி, ஓரிரவிற்கு 157, பத்து இரவிற்கு 1,575 ஜிபி. பட்டியல் பெருமையோடு சொல்லும் 512 ஜிபி மூன்றாம் இரவின் முடிவிலேயே ஏறத்தாழ நிரம்பிவிடும். ஆகவே உள்ளிருக்கும் சேமிப்பகத்தைக் கிடங்காகக் கொள்வது தொடக்கத்திலேயே தவறு. இரண்டு டெராபைட் புறவட்டுகள் இரண்டு, ஒவ்வொரு விடியலிலும் இரண்டிலும் ஒரு படி, இரண்டும் ஒரே பையில் செல்லக்கூடாது என்பதே முறை. கூத்துக்குழுவின் வண்டியில் ஒன்று, ஆய்வாளரின் தோளில் ஒன்று என இக்கட்டுரையாளர் இப்போது பிரித்துவைக்கிறார். பேருந்துப் பயணத்திற்குச் சுழலும் தட்டுள்ள வட்டைவிட அசையும் உறுப்பற்ற எஸ்எஸ்டி பாதுகாப்பானது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் மின்னூட்டமின்றிக் கிடப்பதற்கோ சுழல்வட்டே நம்பத்தக்கது. மேகச் சேமிப்பை நாடுவோருக்கு ஒரு கணக்கு போதும். நொடிக்கு 5 மெகாபிட் மேலேற்ற வேகத்தில், ஒலிப்பதிவு 73 ஜிபியை மட்டும் அனுப்ப 32 மணிநேரத்திற்கு மேலாகும். காணொளியைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்கணக்கின்படி, பொறியில் இருக்க வேண்டியது பெரிய சேமிப்பகமன்று. விரைந்து படியெடுக்க உதவும் துளைகள். நினைவக அட்டைத் துளை ஒன்றும், வேகமான யுஎஸ்பி துளைகள் மூன்றும் வேண்டும். மெலிவைத் தேடிய பொறிகள் இவற்றையே முதலில் கைவிட்டன. இரண்டே துளையுள்ள பொறியில், ஒன்றில் மின்வங்கி, மற்றொன்றில் அட்டைப் படிப்பி எனில் புறவட்டிற்கு இடமில்லை. அதற்கென ஒரு இணைப்புப் பெட்டி வாங்கிப் பையில் சேர்க்கிறோம்; விடியற்காலை இருட்டில் முதலில் தொலைவது அதுதான்.

பழுதுநீக்கத்தை ஒரு அளவையாகக் கொள்வது புதுமையன்று. பிரான்சு நாடு 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளின் விற்பனையில் பழுதுநீக்கக் குறியெண்ணைக் காட்டுவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்க உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது; எனினும் வாங்கும் இடத்தில் அத்தகைய எண் நமக்குக் காட்டப்படுவதில்லை. அது வரும்வரை, குறித்த பொறியைப் பிரிக்கும் முறை பற்றி உற்பத்தியாளரே வெளியிட்ட கையேடு உண்டா என்று தேடுவது ஒரு மாற்றுவழி. அத்தகைய கையேட்டைப் பொதுவில் வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதில் மின்கலம், சேமிப்பகம், நினைவகம் ஆகிய மூன்றும் தனித்தனியே கழற்றத்தக்கவையா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கைபேசியே போதுமே என்ற எதிர்வாதம் துறைக் கலந்துரையாடல்களில் எழுவதுண்டு. நேர்காணலுக்குப் போதும். ஓரிரவின் பதிவை இரு வட்டுகளுக்குப் பிரித்தெழுதவோ, காணொளியின் வரிக்கு வரி படியெழுத்தைப் பிணைக்கவோ அதனால் இயலாது. வரைபட்டிகை அதற்கும் இதற்கும் நடுவில் நின்று இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறது.

கொள்முதல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் கலைப்புல ஆய்வாளருக்கு இதரச் செலவினத் தொகை முதல் ஈராண்டுகளுக்கு ஆண்டிற்கு ரூ.10,000, பின் ஆண்டிற்கு ரூ.20,500. ஐந்தாண்டுக்கும் கூட்டினால் ரூ.81,500. நூல், பயணம், படியெடுப்பு, ஆய்வேட்டுக் கட்டமைப்பு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். களப்பணி தொடங்கும் முதலிரண்டு ஆண்டுகளில் பொறி வாங்கத் தொகை இல்லை. தொகை உயரும்போது களப்பணி பெரும்பாலும் முடிந்திருக்கும். உதவித்தொகை பெறாதோரின் நிலை இதனினும் கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

துறைக்கெனப் பொதுவில் வாங்கப்படும் பொறிகளும் ஒப்பந்தப்புள்ளி வழியே, குறைந்த விலைக்கே வருகின்றன. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டத்தின் நோக்கம் சரியானதே. குறை, ஒப்பந்தப்புள்ளியில் நாம் எழுதித்தரும் விவரக்குறிப்பில் இருக்கிறது. செயலி, நினைவகம், சேமிப்பகம் என்று விற்பனைப் பட்டியலை அப்படியே படியெடுத்துத் தருகிறோம். அம்மூன்றிலும் தகுதி பெற்று, திரையிலும் மின்கலத்திலும் குறைத்துக்கொண்ட பொறி குறைந்த விலையில் வென்றுவிடுகிறது. சட்டம் அதைத் தடுக்காது. '70 வாட்-மணிக்குக் குறையாத, கழற்றத்தக்க மின்கலம். தனியே செருகப்பட்ட சேமிப்பகம். அங்குலத்திற்கு 160 படப்புள்ளிக்குக் குறையாத திரை. நினைவக அட்டைத் துளை. யுஎஸ்பி-சி மின்னேற்றம்' என்று எழுதுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. செயலியை இறுதி வரியில் எழுதலாம்.

தனியே வாங்குவோருக்கு இன்னொரு வழி உண்டு. பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழிக்கும் அலுவலக வகைப் பொறிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. அவை சற்றுக் கனமானவை, பிரிக்க எளியவை, உதிரி உறுப்புகள் கிடைப்பவை. எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய செயலியா என்று பார்த்து, மின்கலத்தை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டால், மேற்கண்ட தேவைகளுள் பெரும்பாலானவை நிறைவேறும். இக்கட்டுரை எழுதப்படுவதும் அத்தகைய பொறியிலேயே; எடை 1.7 கிலோ. சிக்கல் கணக்குப் பிரிவில் வருகிறது. புதுப்பித்த பொறிக்கு உரிய வரிப்பட்டி கிடைத்தாலும், 'பழைய பொருள்' என்ற காரணத்தால் இதரச் செலவினத்தில் அது ஏற்கப்படுவதில்லை என்று ஆய்வாளர் பலர் கூறுகின்றனர். இரண்டாம் கை நூல்களுக்கான பட்டியை அதே பிரிவு ஏற்றுக்கொள்வதை அவர்கள் சுட்டிக்காட்டுவதும் உண்டு.